கர்ப்பகால மூளை இரத்தக்கசிவு

கருவுற்றிருக்கும் காலத்திலோ, பிரசவத்தின்போதோ, பிரசவித்த ஆறு வாரங்களுக்குள்ளோ தாயின் மூளைக்குள் அல்லது மூளை உறைகளுக்கிடையே இரத்தம் கசிவது கர்ப்பகால மூளை இரத்தக்கசிவு எனப்படும். இது அரிய நோய். ஒரு லட்சம் கர்ப்பங்களுக்குச் சுமார் 30 பேருக்குப் பக்கவாதம் வருகிறது. அவர்களில் ஒரு பகுதியினருக்கே கசிவு. ஆனால் வந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து.

காரணங்கள்

முதன்மைக் காரணம் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தமும், ஊர்ப்பக்கம் ஜன்னி என்று சொல்லும் பிரசவகால வலிப்பும். அனூரிசம் எனப்படும் இரத்தக்குழாய்ப் புடைப்பு வெடிப்பதும், பிறவியிலேயே பின்னிக்கிடக்கும் தமனி-சிரை முடிச்சு கசிவதும் அடுத்தவை. மூளைச் சிரைகளில் இரத்தம் உறைந்தும் கசிவு நேரலாம்; ‘பச்சை உடம்பு’ என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது இந்த உறைவுக்கு வழிவிடும்.

அறிகுறிகளும் கண்டறிதலும்

திடீரெனத் தலை வெடிப்பதுபோன்ற வலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, ஒருபக்கம் செயலிழப்பு, நினைவு தப்புதல். உடனே தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். அதில் கருவைச் சேரும் கதிர்வீச்சு மிகச் சொற்பம். பிள்ளைக்காகப் பயந்து தள்ளிப்போடுவதே கேடு.

சிகிச்சை

இரத்த அழுத்தம் 160/110-ஐ எட்டி அங்கேயே நின்றால் லேபிட்டலால், ஹைட்ரலசின் அல்லது நிஃபெடிபின் கொடுத்துக் குறைப்பார்கள். வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட். அது உடலில் மிகுந்தால் மூச்சு தடைப்படும். அதனால் செவிலியர் சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டி அனிச்சைத் துள்ளலைப் பார்ப்பார், சிறுநீரை அளப்பார், அதற்கு முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார். புடைப்புக்குக் கிளிப் அல்லது காயில் சிகிச்சை உண்டு. சிரை உறைவால் வந்த கசிவுக்கு மட்டும், முரணாகத் தோன்றினாலும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினே மருந்து. பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கை நிறுத்த எர்கோமெட்ரினைத் தவிர்ப்பார்கள். அது அழுத்தத்தை ஏற்றும். பிள்ளை முதிர்ந்திருந்தால் சிசேரியன் முடித்து மூளை அறுவை செய்வதுண்டு. தாயின் உயிருக்கே முதலிடம்.

பள்ளிபாளையம் வட்டாரம்

காவிரியின் இக்கரையில் நாமக்கல் மாவட்டத்து விசைத்தறி நகரமான பள்ளிபாளையம்; பாலம் தாண்டினால் ஈரோடு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் நாமக்கல்லிலும், பெருந்துறையிலும், சேலத்திலும் உள்ளன. நாமக்கல் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. கர்ப்பிணியின் தலைவலியைத் தறிச் சத்தத்தின்மேல் போட்டு, தைலம் தேய்த்துப் படுக்க வைத்துவிடக் கூடாது. 108 ஆம்புலன்ஸை அழைக்கும்போதே கர்ப்பிணி என்பதையும் கடைசியாகப் பார்த்த அழுத்த அளவையும் சொல்ல வேண்டும்.

பிரசவித்த மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் அழுத்தம் பெரும்பாலும் உச்சத்தைத் தொடுகிறது. தாய் வீடு திரும்பும் நாட்களும் அவையே. ஆகவே வீட்டுக்கு வந்த பிறகும் அழுத்தம் பார்ப்பதை நிறுத்தக் கூடாது.