மானிப்பாய் அச்சகம்: மிஷன் கையிலிருந்து தொழிலாளர் கைக்கு

ஈழத்துத் தமிழ் அச்சு வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அமெரிக்க மிஷன், ஆறுமுக நாவலர் என்னும் இரு பெயர்களைச் சுற்றியே தம் வரலாற்றை அமைத்துள்ளனர். இவ்விரண்டுக்கும் அயலிலே, அச்சிடுதலையே பிழைப்பாகக் கொண்டு வாழ்ந்த ஒரு தொழிலகம் மானிப்பாயில் இருந்தமை உரிய கவனத்தைப் பெறவில்லை. முதலில் 'றிப்பிளி அன்ட் ஸ்திரோங்' எனவும் பின்னர் 'ஸ்திரோங் அன்ட் ஆஸ்பரி' எனவும் முகப்புத் தாள்களிலே காணப்படும் பெயர்களைக் கண்டு, அவர்களை வெள்ளையர் எனக் கொள்வோரும் உளர். உண்மையில் அவர்கள் மிஷன் நிறுவனத்திலே உருவான உள்ளூர்த் தமிழ்க் கிறித்தவர்கள். மிஷன் விடுதிப் பாடசாலைகளிற் பயின்ற பிள்ளைகளுக்கு, அவர்தம் செலவை ஏற்ற அமெரிக்க அன்பர்களின் பெயர்களைச் சூட்டுவது அக்கால வழக்கம். சி. வை. தாமோதரம்பிள்ளையின் பெயரோடும் 'சாள்ஸ் வின்ஸ்லோ' என்பது ஒட்டியிருந்தமை பலர் அறிந்ததே. இவ்வழக்கத்தினால் தமிழ்த் தொழிலாளர் இருவர் மூவரின் உழைப்பு அந்நியப் பெயர்களுக்குள் மறைந்துபோயிற்று.

1816 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் தொடக்கத்திலிருந்தே அச்சியந்திரம் ஒன்றை நாடினர். 1820 இல் ஜேம்ஸ் கரற் என்னும் அச்சாளர் வந்திறங்கியபோது, ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வேட் பார்ண்ஸ் அவர் இத்தீவிலே தங்க இசையவில்லை. கரற் பம்பாய்க்குச் சென்றார். யந்திரம் நல்லூரிலிருந்த ஆங்கிலத் திருச்சபை மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகளின் பின்னர், 1834 இல், ஈஸ்ற்மன் ஸ்திரோங் மைனர் என்னும் அச்சாளரின் பொறுப்பிலேதான் மானிப்பாயில் அச்சகம் இயங்கலாயிற்று.

இவ்வச்சகம் துண்டுப் பிரசுரங்களோடு நின்றுவிடவில்லை. 1841 சனவரியில் 'உதயதாரகை' இங்கிருந்து வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே, உடுப்பிட்டிச் சந்திரசேகர பண்டிதரின் உழைப்பாலே தொகுக்கப்பெற்ற 'மானிப்பாய் அகராதி', 58,500 சொற்களுடன் அச்சேறியது. சொற்களைத் தொகுத்தது புலவர் வேலை. ஆயினும் அவற்றை எழுத்தெழுத்தாகப் பொறுக்கிக் கோத்து, பிழை திருத்தி, அச்சுக்கு ஏற்றியோர் யார் என்று எவரும் வினவுவதில்லை. ஆங்கிலத்துக்கு வேண்டிய அச்செழுத்து வகைகளிலும் தமிழுக்கு வேண்டியவை பன்மடங்கு. ஏட்டிலே புள்ளியின்றி எழுதிப் பழகிய மொழியை, ஒவ்வொரு மெய்க்கும் புள்ளியிட்டு வரிசைப்படுத்துதல் எழுத்துக்கோப்பவரின் அறிவையும் வேண்டி நின்ற பணியாகும்.

அமெரிக்க மிஷன் சபையின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் 1855 இலே இங்கு வந்தபோது, சமயப் பிரசாரத்துக்கு நேரடியாக உதவாத முயற்சிகளைக் குறைக்க வேண்டும் என்ற கொள்கை மேலோங்கியது. வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. அச்சகம் உள்ளூர் அச்சாளரிடம் கைமாறியது. செமினரி மூடப்பட்டமைக்காக இன்றளவும் வருந்துவோர், அச்சகம் கைமாறியதை அதே இழப்பின் இன்னொரு கூறாகவே கணக்கிடுவர். இக்கணிப்புப் பொருந்துமாறில்லை. மிஷனின் பணத்தால் இயங்கிய அச்சகம் மிஷன் விரும்பியதையே முதலில் அச்சிட்டது. தன் வரவாலே வாழவேண்டிய அச்சகமோ நூலை எழுதுவோரையும் வாங்குவோரையும் நாடவேண்டியதாயிற்று.

1859 இல் சைமன் காசிச்செட்டியின் 'தமிழ் புளூராக்' என்னும் புலவர் வரலாறு றிப்பிளி அன்ட் ஸ்திரோங் அச்சகத்திலே வெளிவந்தது. தமிழ்ப் புலவர் ஏறத்தாழ இருநூற்றுவரைப் பற்றிய அந்நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864 முதல் மானிப்பாயிலே மேலை வைத்தியத்தைத் தமிழ் மூலம் கற்பிக்கலானார். 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872) முதலாய அவரது மொழிபெயர்ப்புகளுக்கு அயலிலேயே தேர்ந்த எழுத்துக்கோப்பாளர் இருந்தமை எத்துணைப் பயன்பட்டிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வண்ணார்பண்ணையிலே நாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. சமயத்தால் எதிரெதிராக நின்ற இரு அச்சகங்களும் தமிழ் வாசகரின் தொகையைப் பெருக்கியதில் ஒரே பணியைச் செய்தன எனலாம்.

யாழ்ப்பாணத்து அச்சுத்தொழிலின் எல்லை குடாநாட்டோடு முடியவில்லை. மலைநாட்டுக் கோப்பித் தோட்டத்திலே பணிபுரிந்த ஆபிரகாம் யோசேப்பு இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869 இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சேறியது. மன்னாரிலே கரையிறங்கிய தமிழகத் தொழிலாளர் தம்புள்ளை, நாலந்தை வழியாகக் கால்நடையாய் மாத்தளையை அடைந்து, அங்கிருந்து லக்கல முதலிய கோப்பிப் பகுதிகளுக்குப் பிரிந்து சென்றனர். மாத்தளைக்கு அணித்தேயுள்ள அலுவிகாரையிலே பாளித் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. ஏட்டெழுத்துக்குப் பெயர்பெற்ற அதே பிரதேசத்தின் மலைச்சரிவுகளில் உழைத்த தமிழரிடையே நூல் வாங்கிப் படிக்கும் வாய்ப்புடையோர் மிகச் சிலரே. காடு வெட்டுதல் முதலாகக் கோப்பிச் செய்கையைப் பாடிய அக்கும்மியும் தொழிலாளியின் நோவைவிடத் தோட்டத்தின் ஆக்கத்தையே பெரிதும் பேசியது. அது வெளிவந்த 1869 ஆம் ஆண்டிலேதான் கோப்பி இலைகளைத் தாக்கிய துரு நோய் இலங்கையிலே முதன்முதல் கண்டறியப்பட்டது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது.

மானிப்பாயிலோ வேலை நிற்கவில்லை. 'உதயதாரகை'யின் ஆசிரியராக விளங்கிய ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' 1886 இலே ஸ்திரோங் அன்ட் ஆஸ்பரி அச்சகத்திலிருந்து வெளிவந்தது. காசிச்செட்டி தொடக்கிய பணியை அது விரித்து, நானூற்றுக்கும் மேற்பட்ட புலவரைத் தொகுத்துரைத்தது. இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் அதே தொழிலகத்திலே ஆங்கிலத்தில் எழுத்துக்கோக்கப்பட்ட புலவர் வரலாறு, இம்முறை தமிழிலேயே கோக்கப்பட்டது.