லிமோன் துறைமுகத்தில் எட்டு மணி நேரம்

கரீபியன் கடலில் சுற்றுகிற சொகுசுக் கப்பல்கள் பனாமா கால்வாய்ப் பக்கம் போகும்போது, பல சமயம் ஒரு நாள் கோஸ்டாரிகா நாட்டின் லிமோன் துறைமுகத்தில் நிற்கும். காலையில் வந்து மாலையில் கிளம்பிவிடும். கையில் இருப்பது எட்டு மணி நேரம், கூடிப்போனால் பத்து. அதற்குள் கரையில் எதைப் பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும். கப்பல்காரர்களே ஒரு டூர் பட்டியலை நீட்டுவார்கள். பட்டியல் கப்பலுக்குக் கப்பல் கொஞ்சம் மாறும், ஆனால் அடிப்படை கிட்டத்தட்ட இதுதான்:

1. டொர்டுகேரோ கால்வாயில் படகுப் பயணம்
2. வாழைத் தோட்டம்
3. பழைய தண்டவாளத்தில் ஒரு குட்டி ரயில் பயணம்
4. கவீட்டா கடற்கரை, அதோடு சேர்த்து கொக்கோ தோட்டம்
5. மழைக்காடு, கம்பியில் தொங்கும் வண்டி, ஸ்லாத் என்கிற சோம்பேறி விலங்கு
6. ஊரைச் சுற்றிப் பார்த்தல் (இதைக் கடைசியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்!)

"எதை எடுக்கலாம்?" என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில் எதில் குரங்கு நிறைய தெரியும், எதில் மழையில் நனையாமல் இருக்கலாம் என்ற ரீதியில்தான் இருக்கும். அதுவும் தேவையான தகவல்தான். ஆனால் சரித்திரம் படிக்கிறவன் கண்ணுக்கு இந்தப் பட்டியல் வேறு மாதிரி தெரிகிறது. ஸ்லாத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அது மனிதர்களுக்கு முன்பே அங்கே தொங்கிக்கொண்டிருந்தது :) மற்றவை எல்லாம் ஒரே கதையின் துண்டுகள். அந்தக் கதை ஒரு ரயில் பாதையில் ஆரம்பிக்கிறது.

காபிக்காக ஒரு ரயில்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோஸ்டாரிகாவின் செல்வம் காபி. அது விளைவது நாட்டின் நடுவில் உள்ள மலைப் பள்ளத்தாக்கில். வாங்குகிறவர்கள் ஐரோப்பாவில். ஆனால் மூட்டைகள் மாட்டு வண்டியில் ஏறி எதிர்த்திசையில் பசிபிக் கரையில் உள்ள புன்டரேனாஸுக்குப் போகும். அங்கிருந்து கப்பல் தென் அமெரிக்காவையே சுற்றிக்கொண்டு ஐரோப்பா போக வேண்டும். காரணம், கிழக்கே அட்லாண்டிக் பக்கம் முழுக்க காடும் சதுப்பு நிலமும்தான்.

1871ல் அதிபர் தொமாஸ் குவார்டியாவின் அரசு, பெரு நாட்டில் ரயில் போட்டுப் புகழ் பெற்றிருந்த அமெரிக்கர் ஹென்றி மெய்க்ஸுடன் ஒப்பந்தம் போட்டது. அவர் வேலையைத் தன் மருமகனிடம் கொடுத்தார். அந்த மருமகனின் தம்பிதான் மைனர் கீத். கடைசியில் எல்லாம் இவர் கைக்கு வந்தது. லிமோன் அப்போது சில குடிசைகள் கொண்ட ஒரு கரை, அவ்வளவுதான். ரயிலுக்காகத்தான் அது ஊரானது.

மழை, மலேரியா, மஞ்சள் காய்ச்சல். மலைப் பகுதி ஆட்கள் இங்கே வேலைக்கு வர மறுத்தார்கள். எனவே வெளியிலிருந்து ஆள் பிடித்தார்கள். 1872 டிசம்பர் 20 அன்று ஜமைக்காவிலிருந்து 123 தொழிலாளர்களுடன் 'லிஸி' என்ற கப்பல் லிமோனுக்கு வந்தது. அடுத்த ஆண்டு சீனர்கள் வந்தார்கள். 1880களின் கடைசியில் இத்தாலியர்கள் வந்தார்கள். சோறும் கூலியும் சரியில்லை என்று 1888ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். மொத்தம் 4,000 பேர் இறந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். பாதை 1890 டிசம்பரில்தான் முடிந்தது. கிட்டத்தட்ட இருபது வருஷம்!

நடுவில் அரசிடம் பணம் தீர்ந்துபோனது. 1884ல் கீத் ஒரு பேரம் பேசினார். நாட்டின் வெளிக்கடனை அவர் சீர் செய்வார், பாதையையும் முடிப்பார். பதிலுக்கு ரயில் 99 வருஷக் குத்தகைக்கு அவருக்கு, அதோடு 8 லட்சம் ஏக்கர் நிலம். நாட்டின் மொத்தப் பரப்பில் அது 6 சதவீதத்துக்கும் மேல்.

வாழைத் தோட்டம்

தண்டவாளத்தை ஒட்டி கீத் வாழை நட்டார். மலிவான சாப்பாடு, காபி வந்து சேரும்வரை ரயிலுக்கும் ஒரு சரக்கு. அமெரிக்காவுக்கு அனுப்பிப் பார்த்தார், விற்றது. நன்றாகவே விற்றது. காபிக்காகப் போட்ட ரயில் வாழைக்கான ரயிலாக மாறியது. 1899ல் கீத்தின் தோட்டங்களும் பாஸ்டன் நகரக் கம்பெனி ஒன்றும் சேர்ந்து யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி உருவானது. 'வாழைப்பழக் குடியரசு' என்று கிண்டலாகச் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கம்பெனிகளில் முதலிடம் இதற்குத்தான்.

இந்த டூரை எடுத்தால் உங்களுக்குக் காட்டுவது: நீல பிளாஸ்டிக் பை போர்த்திய குலைகள், கம்பியில் தொங்கவிட்டு இழுத்து வரும் குலை வரிசை, பழத்தைக் கழுவும் தண்ணீர்த் தொட்டி, அட்டைப்பெட்டி. இந்தத் தொட்டிக்கும் பெட்டிக்கும் ஒரு காரணம் உண்டு. கம்பெனி முதலில் வளர்த்தது 'க்ரோ மிஷேல்' என்ற ரகம். தடித்த தோல் என்பதால் குலையோடு அப்படியே கப்பலில் அடுக்கலாம். அதைப் பனாமா வாடல் நோய் அழித்தது. (நம் ஊர் ரஸ்தாளியை வாட்டுகிற அதே நோய்தான்.) பிறகு வந்தது நோயைத் தாங்கிய கேவண்டிஷ் இனம். நம் கடைகளில் கிடைக்கும் ரோபஸ்டா, ஜி-நைன் எல்லாம் அந்த இனம்தான். அதன் தோல் சீக்கிரம் கன்றிப்போகும். அதனால் சீப்பாக வெட்டி, கழுவி, பெட்டியில் போட வேண்டியதாயிற்று. ஆக, டூரில் பார்க்கும் அந்தப் பட்டறை முழுவதும் ஒரு பூஞ்சை நோய் உண்டாக்கிய ஏற்பாடு.

வழிகாட்டி தானாகச் சொல்லாமல் விடக்கூடிய ஒன்றும் இருக்கிறது. 1960, 70களில் வாழை வேரைத் தாக்கும் புழுக்களுக்கு நெமகான் என்ற மருந்தை அடித்தார்கள். கோஸ்டாரிகாவில் மட்டும் ஆயிரக்கணக்கான ஆண் தொழிலாளர்கள் அதனால் குழந்தை பெற முடியாமல் போனார்கள். வழக்குகள் பல வருஷம் நடந்தன. தோட்டத்துக்குப் போகிறவர்கள் இதைக் கேளுங்கள். அப்போதுதான் அது வெறும் பழக் கண்காட்சியாக இல்லாமல் இருக்கும்.

1934

இந்த வருஷம் பட்டியலில் எங்கும் இல்லை. ஆனால் இது தெரியாமல் லிமோன் புரியாது.

1934 ஆகஸ்டில் சுமார் 10,000 வாழைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் கார்லோஸ் லூயிஸ் ஃபாயாஸ். தானே தோட்டத்தில் வேலை பார்த்தவர், பின்னால் 'மமிதா யுனாய்' என்ற நாவலை எழுதியவர். அதே சமயத்தில் வாடல் நோயால் நிலம் கெட்டுப்போக, கம்பெனி பசிபிக் கரைக்கு நகரத் திட்டம் போட்டது. அரசு புது ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தது. ஆனால் அந்த டிசம்பரில் வந்த சட்டத்தில் ஒரு நிபந்தனை: பசிபிக் பகுதித் தோட்டங்களில் கறுப்பினத்தவரை வேலைக்கு வைக்கக்கூடாது.

யோசித்துப் பாருங்கள். ரயில் போட்டவர்கள், வாழை நட்டவர்கள் கறுப்பினத்தவர்கள். கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியபோது கூடப் போகும் வழியையும் சட்டம் அடைத்தது. அவர்களில் பலரிடம் குடியுரிமையும் இல்லை. அங்கேயே பிறந்த பிள்ளைகளைக்கூட வெளிநாட்டவராகத்தான் நடத்தினார்கள். 1948 உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1949 வாக்கில்தான் அந்தக் கதவு திறந்தது. நாடு பல இனங்களும் பல பண்பாடுகளும் கொண்டது என்று அரசியல் சட்டத்தில் எழுதியது 2015ல். எப்ஸி காம்பெல் என்ற கறுப்பினப் பெண் துணை அதிபரானது 2018ல். லிஸி கப்பல் வந்து 146 வருஷம் கழித்து!

கவீட்டாவும் கொக்கோவும்

கம்பெனி போன பிறகு தங்கிவிட்டவர்கள் என்ன செய்தார்கள்? கைவிட்ட நிலத்தில் கொக்கோ வளர்த்தார்கள். ஒரு தலைமுறை அதில் ஓரளவு தலை நிமிர்ந்தது. பிள்ளைகளைப் படிக்க வைத்தது. 1970களின் கடைசியில் மொனிலியா என்ற காய் அழுகல் நோய் வந்து அதுவும் போனது. இப்போது 'சாக்லேட் டூர்' என்று காட்டுவது அந்தக் காலத்தின் மிச்சம்.

லிமோனுக்குத் தெற்கே சுமார் 43 கிலோமீட்டரில் இருக்கும் கவீட்டாவின் கதை ரயிலுக்கும் முந்தியது. 1828லேயே கடலாமை பிடிக்க வந்த கறுப்பின மீனவர்கள் அங்கே குடியேற ஆரம்பித்தார்கள். பின்னால் அரசு அதைப் பூங்காவாக்கியது. 1994ல் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணத்தை ஒரேயடியாக ஏற்றியபோது, ஆட்கள் வராமல் போய்விடுவார்களே என்று ஊர்க்காரர்கள் வாசலைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஊரும் அரசும் சேர்ந்து நிர்வகிக்கும் ஏற்பாடு வந்தது. லிமோன் மாகாண வரலாற்றில் உள்ளூர்க்காரர்கள் கேட்டு வாங்கிய அபூர்வமான ஒன்று இது.

கால்வாய், ரயில், நிலநடுக்கம்

படகு டூர் பற்றி ஒரு எச்சரிக்கை. பெயரில் டொர்டுகேரோ என்று இருந்தாலும், ஆமைகளுக்குப் புகழ் பெற்ற அந்தத் தேசியப் பூங்கா வெகுதூரம் வடக்கே இருக்கிறது. சில மணி நேர டூரில் நீங்கள் போவது லிமோன் பக்கத்தில் மொயினில் தொடங்கும் தெற்கு நுனிக்குத்தான். குரங்கு, முதலை, பறவை தெரியலாம். முட்டையிடும் ஆமையைத் தேடாதீர்கள். இது முழுக்க இயற்கையான ஆறும் இல்லை. சாலை இல்லாத கரையோரக் கிராமங்களுக்குப் போக, 1960களின் கடைசியிலும் 70களிலும் கடலோர ஏரிகளை வெட்டி இணைத்த நீர்வழி இது.

1991 ஏப்ரல் 22 அன்று இந்தக் கரையை ரிக்டர் 7.6 அளவில் நிலநடுக்கம் உலுக்கியது. லிமோன் பக்கம் கடற்கரை ஒன்றரை மீட்டர் வரை மேலே எழுந்தது. பவளப்பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து செத்தன. கால்வாயிலும் சில இடங்களில் ஆழம் குறைந்தது. ரயில் பாதை சிதைந்தது. மலை வழியே சாலை 1987லேயே வந்துவிட்டதால் சரக்கு லாரிக்கு மாறியிருந்தது. 1995ல் நாட்டின் ரயில் சேவையையே நிறுத்தினார்கள். சில பகுதிகளில் பின்னால் மறுபடி ஓடியது, ஆனால் தலைநகர் சான் ஹொசேயிலிருந்து லிமோன் வரை பயணிகள் போன அந்தப் பழைய ரயில் திரும்பவில்லை. பட்டியலில் வரும் குட்டி ரயில், 4,000 உயிர் குடித்ததாகச் சொல்லும் பாதையின் ஒரு துணுக்கு.

சரி, எதை எடுப்பது?

லிமோனில் ஒரு பழக்கம் 150 வருஷமாக மாறவில்லை. எல்லாம் அந்த ஊர் வழியாகப் போகும், ஊரில் எதுவும் தங்காது. முதலில் காபி போனது. பிறகு வாழை போனது. இப்போது கப்பல் பயணிகள் போகிறார்கள். கப்பல் படிக்கட்டிலிருந்து இறங்கினால் நேரே ஏசி பஸ், பஸ்ஸிலிருந்து காடு, காட்டிலிருந்து திரும்பக் கப்பல். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து ஊர் நடக்கும் தூரம்தான்!

அதனால் என் யோசனை இது. காலையில் ஒரே ஒரு டூர். குழந்தைகள் இருந்தால் படகு. வரலாற்றில் ஆர்வம் என்றால் வாழைத் தோட்டம். ஊர்க்காரர்கள் கையில் காசு சேர வேண்டும் என்றால் கவீட்டாவில் உள்ளூர் வழிகாட்டி. வெளியில் தனியாக ஏற்பாடு செய்தால் கப்பல் கிளம்பும் நேரத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள். கப்பல் நிறுவனத்தின் டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், உங்கள் டாக்சிக்காகக் காத்திருக்காது. சான் ஹொசே போகும் ஆசையை விட்டுவிடுங்கள், போக 160 கிலோமீட்டர், மலைச் சாலை.

மீதி இரண்டு மணி நேரம் ஊருக்கு. கடலோரமாக இருக்கும் வர்காஸ் பூங்காவில் உட்காருங்கள். 1502ல் கொலம்பஸ் நங்கூரம் போட்ட உவிட்டா தீவு எதிரே கடலில் தெரியும். சந்தைப் பக்கம் போனால் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும் பயறும் கிடைக்கும், 'ரைஸ் அண்ட் பீன்ஸ்' என்று ஆங்கிலத்திலேயே கேளுங்கள். ஸ்பானிஷ் பேசும் நாட்டில் அந்தப் பெயர் ஜமைக்காவிலிருந்து வந்தது. 1910 வாக்கில் மார்கஸ் கார்வி என்ற இளைஞர் இந்தப் பக்கத்து வாழைத் தோட்டத்தில் நேரக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தொழிலாளர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர், பின்னால் உலகம் முழுக்கக் கறுப்பின மக்களை ஒன்றுசேர்க்கும் இயக்கம் கண்டார். அந்த இயக்கத்துக்காக 1922ல் லிமோனில் கட்டிய பிளாக் ஸ்டார் லைன் மரக் கட்டடம் 2016 ஏப்ரலில் தீயில் போனது. அது எங்கே இருந்தது என்று வயதானவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இடத்தைக் காட்டுவதோடு நிறுத்த மாட்டார்கள். பட்டியலில் இல்லாத டூர் அங்கேதான் ஆரம்பிக்கும்.