மூன்று வாரம்

என் தாத்தாவுக்கு வருஷத்தில் பாதி நாள் மேற்கே பார்க்கிற பழக்கம். பாதி நாள் கிழக்கே பார்க்கிற பழக்கம். வைகாசி பிறந்துவிட்டால் வாய்க்கால் மதகில் உட்கார்ந்துகொண்டு, "குடகிலே மழை பிடிச்சாச்சா?" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் விசாரிப்பார். ஐப்பசி நெருங்கினால் கடல் பக்கம் மேகம் கறுக்கிறதா என்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்ப்பார். குடகை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அங்கே பெய்கிற மழைக்குத் தாமும் ஒரு பங்காளி என்ற எண்ணம் அவருக்கு உண்டு.

தஞ்சை நாட்டு விவசாயத்தின் சரித்திரமே இந்த இரண்டு பார்வைக்குள் அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கு மலைகளில் கொட்டித் தீர்க்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு அதில் நேராகக் கிடைப்பது கொஞ்சந்தான். ஆனால் குடகில் பிறக்கும் காவிரியும் வயநாட்டில் பிறக்கும் கபினியும் அந்த மழையை ஆறாக்கிக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வருவது வடகிழக்குப் பருவமழை. அதற்கு ஆறும் வேண்டாம், அணையும் வேண்டாம். கடலிலிருந்து கிளம்பி வந்து தலைமேலேயே பெய்கிறது.

பழைய சம்பா நெல் இந்த இரண்டு மழையையும் தெரிந்துவைத்திருந்தது. ஆடி ஆவணியில் ஆற்று நீரில் வேர் பிடிக்கும். ஐப்பசி கார்த்திகையின் அடைமழையில் பச்சையாக நிற்கும். எப்போது நட்டாலும், பகல் பொழுது குறைந்தால்தான் அது பூக்கும். ஆகவே மழை ஓய்ந்த பிறகு கதிர் முற்றித் தைப் பொங்கலுக்கு வீடு வந்து சேரும். ஒரு பயிருக்கு இதைவிட விவேகம் வேண்டுமா?

அணைகளைப் பற்றிப் பேசும்போது கரிகாலன் பெயரைத்தான் முதலில் சொல்லுகிறோம். அவன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணை தண்ணீரைத் திருப்பிவிட ஏற்பட்டதே தவிர, தேக்கிவைக்க ஏற்பட்டதல்ல. 1830-களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் கட்டிய மேலணையும் பங்கு பிரிக்கிற வேலையைத்தான் செய்தது. ஆறு எப்போது வரும் என்பதை மலை மழையே தீர்மானித்தது.

அதை மாற்றியது மேட்டூர். 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம் ஊர்களை அழித்துக்கொண்டு போயிற்று. அடுத்த வருஷமே அணை வேலை தொடங்கி 1934-ல் முடிந்தது. 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 93.47 டி.எம்.சி. கொள்ளும். அதன் பிறகு ஆற்றுக்கு ஒரு தேதி வந்துவிட்டது: ஜூன் 12. அன்று மேட்டூரில் மதகைத் திறப்பது வழக்கமாகி, கலியாணத்துக்கு நாள் குறிப்பதுபோல விவசாயிகள் அந்தத் தேதியை வைத்து நாற்றங்காலுக்கு ஏற்பாடு செய்தார்கள்.

குறுவை சாகுபடி முன்பும் இருந்ததுதான். ஆனால் 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏ.டி.டி. 27 என்ற ரகம் அதை வெகுவாகப் பரப்பிவிட்டது. அந்த நெல் பகல் பொழுதைப் பார்ப்பதில்லை, நாளை எண்ணும். விதைத்து ஏறக்குறைய 105 நாளில் அறுவடை. ஜூன் 12-ஓடு 105 நாளைக் கூட்டிப் பாருங்கள். செப்டம்பர் கடைசி வருகிறது. மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வந்து, கடைமடைக்குப் போய்ச் சேருகிற நாளையும் சேர்த்தால் அக்டோபர் பிறந்துவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில். நடுவே இருப்பது இரண்டு மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில்தான் எங்கள் வீட்டுக் கலியாணம், பள்ளிக்கூடச் சம்பளம், தீபாவளித் துணி எல்லாம் அடங்கியிருந்தன.

நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு வருஷம் தண்ணீர் பிந்தி வந்தது. எல்லா வேலையும் பிந்திற்று. அறுத்துப் போட்ட அன்றே மழை பிடித்து, மூன்று நாள் விடவில்லை. களத்தில் வைக்கோலும் தார்ப்பாயும் போட்டு மூடினோம். நாலாம் நாள் விலக்கிப் பார்த்தால் நெற்குவியலிலிருந்து உஷ்ணமாக ஒரு புளித்த வாசனை வந்தது. கதிரிலே வெள்ளை வெள்ளையாக முளை.

"ஏன் தாத்தா இதிலே முளைச்சிருக்கு?" என்றேன்.

"ஈரத்தைக் கண்டா நெல்லுக்கு முளைக்கத்தாண்டா தம்பி தெரியும். நாமதான் நேரத்துக்கு அறுத்திருக்கணும்" என்றார்.

உலர்ந்தது போக மீதியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு கொள்முதல் நிலையத்துக்குப் போனார். ஈரப்பதம் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள். அன்று அவர் யாரையும் திட்டவில்லை. நூற்றுக்கு 17 பங்கு ஈரம் என்று அரசாங்கம் கணக்கு வைத்திருக்கிறது. ஐப்பசி மாதத்துக் காற்றுக்கு அந்தக் கணக்கு தெரியாது. பிந்தின வருஷங்களில் அந்த வரம்பைத் தளர்த்தும்படி மனுப் போடுவது இன்றும் நடக்கிறது.

2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கப்படவில்லை. 2017-ல் அக்டோபர் 2-ஆம் தேதிதான் திறந்தார்கள். ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் குறுவை போட்டார்கள். மற்றவர்கள் கரம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 2020-ல் பழைய தேதிக்கே மதகு திறந்தபோது, ஆற்றங்கரையில் பூவும் நெல்லும் தூவினார்கள்.

அணை கட்டினால் பருவத்தை ஜயித்துவிடலாம் என்று பாடப் புத்தகத்தில் படித்தேன். ஒரு மழைக்கு நாம் தேதி குறித்தோம். அந்தத் தேதியே நம்மை இன்னொரு மழையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. சம்பா நெல்லுக்குத் தெரிந்திருந்த விஷயத்தை நாம் இப்போது கூட்டிக் கழித்துத் தெரிந்துகொள்கிறோம்.

தாத்தாவின் நிலத்தை இப்போது என் சித்தப்பா மகன் பயிர் செய்கிறான். போன புரட்டாசியில் ஊருக்குப் போயிருந்தேன். கைபேசியில் மேகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு வரப்பில் நின்றான். "நாலு நாள் தாங்கினா போதும் அண்ணே, அறுப்பு மிஷினுக்குச் சொல்லியிருக்கேன்" என்றான்.

சொல்லிவிட்டுக் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டான். பிறகு கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, கிழக்கே பார்த்தான்.