ரயிலுக்கு மூத்த பொம்மை

முதலில் தேர், அதைப் பார்த்துத்தான் சிறுதேர். பெரியது பிறந்த பிறகே சின்னது பிறக்கும் என்பது உலக வழக்கம். நீராவி ரயில் எஞ்சின் மட்டும் இந்த வரிசையை மாற்றிக்கொண்டு பிறந்தது. சின்னது ஓடி இருபது வருஷம் கழித்துத்தான் பெரியது தண்டவாளத்தில் ஏறியது. அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் பழைய பித்தளை எஞ்சினை ரயிலின் நகல் என்று சொல்கிறோம். வம்சாவளிப்படி பார்த்தால் அது ரயிலுக்குப் பாட்டன் முறை.

1784. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால். அங்கே செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களில் ஊறும் தண்ணீரை இறைக்க ஜேம்ஸ் வாட்டின் நீராவிப் பொறிகளை நிறுத்தியிருந்தார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ள போல்டன் அண்ட் வாட் கம்பெனி அனுப்பிய ஆள் வில்லியம் மர்டாக். ரெட்ரூத் ஊரில் குடியிருந்த அவர், வேலை முடிந்த நேரத்தில் ஒரு முழ நீளத்தில் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். அடியில் ஸ்பிரிட் விளக்கு, மேலே சின்னக் கொதிகலன், முக்கால் அங்குல விட்டத்தில் ஒரு சிலிண்டர். ஒரு ராத்திரி அதைச் சர்ச்சுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஓடவிட்டாராம். நெருப்பைக் கக்கிக்கொண்டு சீறி வந்ததைப் பார்த்த பாதிரியார், சாத்தானே நேரில் வந்துவிட்டான் என்று அலறினாராம். கதையில் கொஞ்சம் உப்பு காரம் சேர்ந்திருக்கும். வண்டி ஓடியது மட்டும் நிஜம்.

முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. அழுத்தம் கூடிய நீராவி ஆளைக் கொன்றுவிடும் என்று வாட் பயந்தார். நல்ல வேலைக்காரன் விளையாட்டில் நேரத்தைத் தொலைக்கிறானே என்ற கவலையும் இருந்தது. 1786இல் காப்புரிமை வாங்க லண்டனுக்குக் கிளம்பிய மர்டாக்கை எக்ஸிடர் அருகே வழியிலேயே பார்த்துவிட்ட போல்டன், பேசிப் பேசித் திருப்பி அனுப்பினார். திரும்பி வந்தவர் ட்ரூரோ ஊரில் ஒரு பெரிய கூடத்தில் வண்டியைப் பிரித்து எடுத்து, கணப்படுப்புக்கான கரண்டி, இடுக்கி, குத்துக்கம்பி எல்லாவற்றையும் அதன் மேல் ஏற்றி ஓட்டிக் காட்டினார். இங்கிலாந்தில் நீராவியால் ஓடிய முதல் சரக்கு வண்டி என்று இதைச் சொன்னால் தப்பில்லை. சரக்கு, வீட்டு அடுப்புச் சாமான்.

ரெட்ரூத்தில் மர்டாக்குக்குச் சில காலம் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர் ரிச்சர்ட் ட்ரெவிதிக். இவருக்கு வாட்டைப் போல அழுத்தத்தைக் கண்டு பயம் கிடையாது. 1797 வாக்கில் இவரும் மாதிரிகளில்தான் ஆரம்பித்தார். அவற்றில் ஒன்றுக்கு விளக்குக்கூடக் கிடையாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டைக் குழாயில் செருகினால் கொதிகலனில் ஆவி எழும், வண்டி மேசையைச் சுற்றி ஓடும். மேசையில் ஓடியது 1801 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கேம்போர்ன் மேட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏறியது. 1804 பிப்ரவரி 21ஆம் தேதி வேல்ஸில் பெனிடாரன் இரும்பாலையின் தண்டவாளத்தில் அவருடைய இன்னொரு எஞ்சின் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு போனது. எஞ்சின் தாங்கியது; வார்ப்பிரும்புத் தண்டவாளம்தான் எடை தாங்காமல் உடைந்தது. இதற்கெல்லாம் பிறகுதான் 1829 அக்டோபரில் ரெயின்ஹில் போட்டியில் ஸ்டீவன்சன்களின் ராக்கெட் ஜெயித்ததும், உலகத்துக்கு ரயில் பைத்தியம் பிடித்ததும்.

1829 என்றதும் புதுக்கோட்டைக்காரர்களுக்கு ஒரு கணக்கு தோன்ற வேண்டும். நம் சமஸ்தானத் தலைநகருக்குத் திருச்சியிலிருந்து ரயில் வந்தது 1929இல். ராக்கெட்டுக்குச் சரியாக நூறு வருஷம் பின்னால். திருச்சிக்கே 1862இல் நாகப்பட்டினத்திலிருந்து பாதை வந்துவிட்டது. அங்கிருந்து ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் தெற்கே வர அதற்கு அறுபத்தேழு வருஷம் ஆயிற்று. இன்றைய மாவட்ட எல்லையை வைத்துப் பார்த்தால் அறந்தாங்கிதான் முந்திக்கொண்டது. அது அப்போது தஞ்சாவூர் ஜில்லா. ஜில்லா போர்டு தன் பணத்தில் போட்ட மாயவரம் பாதை பட்டுக்கோட்டை தாண்டி 1903இல் அறந்தாங்கிக்கு வந்து நின்றது. அறந்தாங்கிக்காரர்கள் இதை எங்கே சொன்னாலும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம்.

மறுபடி பொம்மைக்கு வருவோம். ரயில் பரவியதும் அதைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஆசையும் பரவியது. 1840கள் தொட்டு பர்மிங்காமிலும் லண்டனிலும் பித்தளைத் தொழிலாளர்கள், மூக்குக்கண்ணாடி - விஞ்ஞானக் கருவிக் கடைக்காரர்கள், படகு மாதிரி விற்பவர்கள் எல்லோரும் சின்ன நீராவி எஞ்சின் செய்து விற்க ஆரம்பித்தார்கள். பர்மிங்காம் நமக்கு அந்நியமான ஊர் இல்லை. புதுக்கோட்டையின் அம்மன் காசு 1889இல் தொடங்கி அந்த ஊரில் அச்சாகித்தான் கப்பலேறி வந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் இருக்கும் அந்தக் குட்டிக் காசை அடித்த ஊர்தான் உலகத்துப் பிள்ளைகளுக்கு எஞ்சின் பொம்மையும் செய்து கொடுத்தது. மர்டாக் செய்த மாதிரியும் இன்று அந்த ஊர் மியூசியத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பொம்மையை ஒருமுறை கிட்டத்தில் பார்க்க வேண்டும். கொதிகலன் ஒரு பித்தளைக் குழாய், இரண்டு முனையிலும் தட்டு வைத்து ஈயம் பற்றவைத்தது. முன்னால் புகைபோக்கி, அதன் வழியே பெரும்பாலும் புகை எதுவும் போகாது, வெறும் அலங்காரம். அடியில் ஸ்பிரிட் விளக்கு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டர், ஒரு முளையில் தொட்டில் போல ஆடும். ஆடும்போதே அதன் துளை ஒருமுறை ஆவி வரும் துளையோடும், மறுமுறை ஆவி வெளியேறும் துளையோடும் நேர்பட்டுக்கொள்ளும். தனியாக வால்வு என்று ஒன்றும் வேண்டியதில்லை. இவ்வளவு எளிமையான யந்திரத்தை யோசித்தவனுக்கு ஒரு கும்பிடு போடலாம். தண்டவாளம் கிடையாது. முன் சக்கரங்களைக் கொஞ்சம் கோணலாக வைத்திருப்பார்கள். அதனால் கூடத்துத் தரையில் வட்டமடித்து ஓடும். ஓடும்போதெல்லாம் சிலிண்டரிலிருந்து வெந்நீர் சொட்டி, வட்டம் முழுக்க ஈரக்கோடு போட்டுக்கொண்டே போகும். வெள்ளைக்காரர்கள் இதற்கு ‘பர்மிங்காம் சொட்டி’ என்கிற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். கவிழ்ந்தால் ஸ்பிரிட் கொட்டி, கம்பளம் பற்றிக்கொள்ளும். கொதிகலனில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று பார்க்கக் கண்ணாடிக் குழாய் இருக்காது. தண்ணீர் வற்றினால் பற்றவைத்த ஈயம் உருகிவிடும்.

ஏன் சொட்டுகிறது? செய்தவனின் கைக்குறை இல்லை, கணக்கு அப்படி. ஒரு எஞ்சினை இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். நீளம் 24 மடங்கு குறையும். வெளிப்பரப்பு 576 மடங்கு குறையும். உள்ளே பிடிக்கும் தண்ணீரோ 13,824 மடங்கு குறைந்துவிடும். ஆக ஒவ்வொரு சொட்டு நீருக்கும் சூட்டை இழக்க 24 மடங்கு கூடுதல் தோல். சிலிண்டருக்குள் போன ஆவி வேலை செய்வதற்கு முன்பே குளிர்ந்து தண்ணீராகிறது. மர அளவையும் இரும்பு அளவையும் சுருக்கலாம். சூட்டையும் ஆவியையும் சுருக்க முடியாது. நிஜ எஞ்சினை அப்படியே சின்னதாக்கினால் ஓடாது, ஓடும்படி செய்தால் நிஜம் போல இருக்காது. இந்த இழுபறிதான் அடுத்த நூறு வருஷத்து மாதிரித் தொழிலின் வரலாறு.

நடுவே இந்தப் பொடியனுக்கு ராஜ உத்தியோகமும் கிடைத்தது. 1855இல் சயாம் மன்னர் மோங்குட்டுக்கு விக்டோரியா ராணி கொடுத்தனுப்பிய பரிசுகளில் ஒரு மாதிரி ரயில் உண்டு. அது பாங்காக் தேசிய மியூசியத்தில் இன்னும் இருக்கிறது. சயாமில் நிஜ ரயில் ஓடியது 1893இல். ஜப்பானில் கதை இன்னும் சுவை. 1853இல் நாகசாகிக்கு வந்த ரஷ்யத் தளபதி பூத்யாதினின் கப்பலில் ஒரு மாதிரி எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். அடுத்த வருஷம் அமெரிக்கத் தளபதி பெர்ரி கால் பங்கு அளவில் ஒரு ரயிலையே யோகஹாமாவுக்குக் கொண்டுவந்து வட்டப் பாதையில் ஓட்டினார். பெட்டிக்குள் ஆள் நுழைய இடமில்லாததால் ஜப்பானிய அதிகாரி ஒருவர் கூரையில் உட்கார்ந்து சவாரி செய்தார். ஆனால் சாகா பிரபுவின் ஆட்கள் அதற்குள் நாகசாகியில் பார்த்ததை மனதில் வைத்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். 1855இல் அவர்கள் செய்த எஞ்சின் ஓடியது. செய்தவர்களில் ஒருவர் தனாகா ஹிசாஷிகே. அவர் பின்னால் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்ததுதான் தோஷிபா. ஜப்பானில் நிஜ ரயில் 1872இல். இங்கேயும் சின்னதுதான் மூத்தது.

அச்சு அசலான அளவு மாதிரி என்ற ஒழுங்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். 1891இல் ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி தண்டவாள அகலங்களுக்கு எண் கொடுத்தது. யார் வாங்கிய எஞ்சினும் யார் வீட்டுத் தண்டவாளத்திலும் ஓட அது வழி செய்தது. 1899இல் நார்தாம்ப்டனில் பாசெட்-லோக் கம்பெனி பிறந்தது. அடுத்த வருஷப் பாரிஸ் கண்காட்சியில் ஜெர்மன் பொம்மைகளின் தரத்தைப் பார்த்த கம்பெனிக்காரர் பாசெட்-லோக், நூரம்பர்க் பிங் கம்பெனியைப் பிடித்து இங்கிலீஷ் எஞ்சின்களை இங்கிலீஷ் எஞ்சின்களாகவே செய்ய வைத்தார். வரைபடம் போட்டவர் ஹென்றி கிரீன்லி என்ற ரயில்வே வரைவாளர். இன்று ஏலத்தில் விலை ஏறுகிற மாதிரிகளில் பல இந்தக் கூட்டணியின் கைவேலை.

பாசெட்-லோக் பெயரோடு நம் நாட்டு ராஜா ஒருவர் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குவாலியர் மாதவராவ் சிந்தியா 1906இல் அவர்களிடம் ஒரு வெள்ளி ரயில் செய்து வாங்கினார். விருந்து மேசையில் தண்டவாளம், மின்சாரத்தில் ஓடும் எஞ்சின், பின்னால் ஏழு பெட்டி. பெட்டிக்கு ஒரு எழுத்தாகச் சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் ‘சிந்தியா’. பிராந்தியும் சுருட்டும் அதில் ஏறி விருந்தாளிக்கு விருந்தாளி நகர்ந்து போகும். சீசாவைக் கையில் எடுத்தால் ரயில் நிற்கும், வைத்தால் கிளம்பும். ஜெய் விலாஸ் அரண்மனையில் இப்போதும் பார்க்கலாம். ட்ரெவிதிக் வீட்டு மேசையில் ஓடியதற்கும் இதற்கும் நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. மேசை மட்டும் மாறவில்லை. சிந்தியாவுக்கு ரயில் வெறும் விளையாட்டு என்று சொல்லிவிடவும் முடியாது. 1890களில் அரண்மனை வளாகத்துக்குள் இரண்டடி அகலத் தண்டவாளம் போட்டு விளையாட்டாக ஆரம்பித்தது, 1899இல் குடிமக்களுக்கான குவாலியர் இலகு ரயில்வே ஆயிற்று. அதன் ஒரு கிளை ஷியோபூர் வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நீண்டது.

புதுக்கோட்டை அரண்மனையில் நிலைமை வேறு. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1928இல் பாரிஸில் காலமானார். அடுத்துப் பட்டத்துக்கு வந்த ராஜகோபாலத் தொண்டைமானுக்கு அப்போது வயது ஆறு. அடுத்த வருஷமே ஊருக்கு ரயில் வந்துவிட்டது. பொம்மை எஞ்சினுக்கு அடம் பிடிக்கிற வயதில் ஒரு சிறுவனின் தலைநகருக்கு மீட்டர் கேஜ் நிஜ எஞ்சின் புகை விட்டுக்கொண்டு வந்து நின்றது.

பர்மிங்காம் சொட்டிகளை விலை கொடுத்து வாங்கும் வீடுகள் நம் பக்கம் எத்தனை இருந்துவிடும்? சாதாரணப் பிள்ளைகளுக்கு வாய்த்த நீராவி வேறு. திருவிழாக் கடைகளில் விற்கும் தகரப் படகை நினைத்துப் பாருங்கள். நார்த்தாமலைப் பூச்சொரிதலோ திருவப்பூர் தேரோ, பலூன்காரர் பக்கத்தில் ஒருவர் அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, ‘டுக்கு டுக்கு’ என்று சுற்றவிட்டிருப்பார். உள்ளே எண்ணெய்த் திரி, மேலே மெல்லிய தகட்டுப் பெட்டி, பின்னால் இரண்டு குழாய். பெட்டித் தண்ணீர் ஆவியாகிக் குழாய் நீரை வெளியே தள்ளும், குளிர்ந்ததும் திரும்ப உறிஞ்சும். தகடு துடிப்பதுதான் சத்தம். இப்படி ஆவியில் ஓடும் படகுக்கு தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் 1891இல் பிரிட்டனில் காப்புரிமை எடுத்தார். பித்தளை எஞ்சின் சீமான் வீட்டோடு நின்றுவிட்டது. அதன் ஏழைத் தம்பி நம் அம்மன் கோவில் வாசல் வரை வந்துவிட்டான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அலங்காரத்துக்கென்று இப்போது வார்க்கும் பித்தளை எஞ்சின்கள் நிறைய வருகின்றன. தூக்கிப் பாருங்கள்: கனமாக, கெட்டியாக இருந்தால் புதுசு, கொதிகலன் வெற்றுக் குழாயாக இருந்தால் மேற்கொண்டு பாருங்கள். பழையதின் வயிற்றுப்புறம் விளக்குச் சுவாலையில் கன்றி நிறம் மாறியிருக்கும். சிலிண்டரை விரலால் தள்ளினால் ஆட வேண்டும். விளக்கு பெரும்பாலும் காணாமல் போயிருக்கும், அதற்காக வருத்தப்பட வேண்டாம். வாங்கியதும் பளபளவென்று தேய்க்கிற புளியை மட்டும் சமையலறையிலேயே விட்டுவிடுங்கள். தேய்த்தால் விலை இறங்கிவிடும். ஓட்டிப் பார்க்காமல் தூக்கம் வராது என்றால் நெருப்பு வைக்காதீர்கள். நூற்றைம்பது வருஷத்து ஈயப்பற்று எப்போது விடும் என்று யாரும் சொல்ல முடியாது. சக்கரம் தரையில் படாமல் ஒரு கட்டைமேல் தூக்கி வைத்து, சிலிண்டரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சைக்கிள் பம்பில் மெதுவாகக் காற்றடியுங்கள். அதற்கே சுற்றும்.