மோதும் நீர்த்தாரை: ஆற்றல் இழப்பு பற்றிய கருத்தின் வளர்ச்சி

நீர்த்தாரை தட்டையான பலகையில் மோதும்போது அதன் ஆற்றலில் பெரும்பங்கு வேலையாக மாறாமல் போகிறது. இந்த இழப்பைப் பற்றிய ஆராய்ச்சி நீர்ச்சக்கரங்களில் தொடங்கி வெப்ப இயக்கவியலின் அடித்தளம் வரை சென்றது.

1704இல் பாரிஸில் அந்துவான் பரான், அடிநீரால் சுழலும் சக்கரத்தின் பலகை நீரின் வேகத்தில் மூன்றிலொரு பங்கு வேகத்தில் நகரும்போது உச்சப் பயன் கிடைக்கும் என்றும், அந்தப் பயன் நீரின் ஆற்றலில் 4/27 பங்குதான் என்றும் கணக்கிட்டார். தாரையின் விசையை அவர் பாதியாகவே கொண்டிருந்தார். அது நீர்மட்ட உயரமுள்ள நீர்த்தூணின் எடையைப்போல் இருமடங்கு என்பதை டேனியல் பெர்னூலி 1730களில் காட்டினார். ஒரு பலகைக்குத் தப்பும் நீரை அடுத்த பலகை பிடித்துக்கொள்ளும் என்பதையும் பரான் கணக்கில் சேர்க்கவில்லை.

கணக்கைவிடச் சோதனையே தெளிவைத் தந்தது. ஜான் ஸ்மீட்டன் 1759இல் வெளியிட்ட மாதிரிச் சக்கரச் சோதனைகளில், அடிநீர்ச் சக்கரம் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கையும், நீரின் எடையால் சுழலும் மேல்நீர்ச் சக்கரம் மூன்றில் இரு பங்கையும் தந்தன. மோதும் நீர் தன் உருவம் மாறுவதிலேயே எஞ்சிய ஆற்றலைச் செலவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம். 1767இல் ழான்-சார்ல் போர்டா, வரிசையான தட்டைப் பலகைகளால் அதிகபட்சம் பாதி ஆற்றலையே பெறமுடியும் என்று நிறுவினார்.

அந்த மறுபாதி எங்கே போகிறது? வினாடிக்கு 20 மீட்டர் வேகத் தாரை, அதே திசையில் 10 மீட்டர் வேகத்தில் விலகும் பலகையில் படுவதாகக் கொள்வோம். உராய்வு இல்லையெனில் நீர் பலகையை ஒட்டி 10 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் விரியும். பலகையோடு சேர்ந்து முன்னோக்கியும் 10 மீட்டர் வேகத்தில் நகரும். மொத்த வேகம் ஏறக்குறைய 14.1 மீட்டர். கிலோவுக்கு 200 ஜூலாக இருந்த இயக்க ஆற்றலில் 100 ஜூல் நீரிடமே தங்கிவிடுகிறது. ஆக, மோதும் கணத்தில் வெப்பமாவது, பலகையை ஒட்டிய மெல்லிய அடுக்கில் பாகுத்தன்மை விழுங்கும் சிறு பகுதிதான். பெரிய இழப்பு அதன் பிறகு, சிதறலிலும் சுழிப்பிலும் நேர்கிறது. அந்த 100 ஜூலும் வெப்பமானால் நீரின் வெப்பநிலை 0.024 டிகிரி செல்சியஸ் உயரும். அதைத் திரும்ப வேகமாக்க வழியில்லை.

நீர் அதிர்ச்சியின்றி நுழைந்து, வேகமின்றி வெளியேற வேண்டும் என்ற நெறி லசார் கார்னோவின் 1783ஆம் ஆண்டு நூலிலிருந்து வலுப்பெற்றது. அவருடைய மகன் சாதி கார்னோ 1824இல் வெப்ப எந்திரங்களுக்கும் ஒத்த நெறியை வகுத்தார்: வேலை தராத வெப்பப் பாய்ச்சல் எதுவும் இழப்பே. இதனால், மீள்நிகழ்வு (இழப்பின்றிப் பின்னோக்கியும் நடத்தக்கூடிய நிகழ்வு) என்ற கருத்தின் வேர்களில் ஒன்று நீர்ச்சக்கரப் பலகையில் இருக்கிறது என்பது மிகையன்று. இழந்த ஆற்றல் வெப்பமாகிறது என்பதை 1840களில் ஜேம்ஸ் ஜூல் அளந்து காட்டினார். 160 அடி விழும் நயாகரா நீர் ஃபாரன்ஹீட்டில் ஐந்திலொரு டிகிரி சூடேறும் என்று அவர் கணித்தார்.

பொறியியலில் தீர்வு வளைவாக வந்தது. 1820களில் பொறியாளர் பொன்சலே அடிநீர்ச் சக்கரத்தின் பலகையை வளைத்தார். 1880இல் காப்புரிமை பெற்ற லெஸ்டர் பெல்டனின் சக்கரத்தில், நடுவில் முகடுள்ள இரட்டைக் கிண்ணம் தாரையை இரண்டாகப் பிளந்து ஏறத்தாழ முழுவதுமாகத் திருப்பிவிடுகிறது. நவீன பெல்டன் டர்பைன்களின் பயனுறுதிறன் 90 விழுக்காட்டளவில் உள்ளது. நீலகிரியில் 1932இல் தொடங்கிய பைக்காரா மின்நிலையம் இவ்வகை டர்பைன்களையே கொண்டது. அங்கு நீர் 900 மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. அத்தகைய உயரத்தில் 10 விழுக்காடு இழப்பும் நீரை ஏறத்தாழ 0.2 டிகிரி சூடாக்கும். உயர் அழுத்த டர்பைன்களின் பயனுறுதிறனை இன்று இந்த நுண்ணிய வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டே அளக்கிறார்கள்.