படகுக்குள் அடங்கும் ஓவியக்கூடம்

பழவேற்காடு ஏரியில் படகேறிப் பசியாவரம் பக்கம் போய்ப் படம் வரைய நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது, எதைத் தூக்கிக்கொண்டு போவது என்பதைத்தான். ஸ்டாண்டு, பலகை, எண்ணெய் வண்ணம், டர்பன்டைன் என்று மூட்டை கட்டினால் படகில் கால் நீட்ட இடம் இருக்காது. காற்று வேறு சும்மா விடாது! இந்தத் தலைவலி இருநூறு வருடங்களுக்கு முன்பு நம் பக்கம் வந்த ஓவியர்களுக்கும் இருந்தது.

மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த கையோடு, 1792-இல், தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து கிளம்பினார்கள். மைசூர்ப் பக்கத்து மலைக்கோட்டைகள், மதுரை, பாபநாசம் அருவி, ராமேஸ்வரம், திருச்சி, தஞ்சாவூர், மாமல்லபுரம் என்று சுற்றிவிட்டு 1793 தொடக்கத்தில் திரும்பினார்கள். கேமராவே இல்லாத காலம். ஆனால் 'கேமரா அப்ஸ்க்யூரா' என்ற இருட்டுப்பெட்டி அவர்களிடம் இருந்தது. லென்ஸ் வழியாக வரும் காட்சி காகிதத்தின் மேல் விழும், அதன் மேலேயே பென்சிலை ஓட்டிக் கோடு பிடிக்கலாம். கோபுரத்தின் அளவு தப்பாது. பிறகு நீர்வண்ணம் பூசுவார்கள். எண்ணெய் ஓவியமும் அச்சும் பிற்பாடு, நிதானமாக. இப்படிச் சேர்த்தவற்றில் இருந்துதான் 1795 முதல் 1808 வரை லண்டனில் 144 படங்கள் அச்சாகி வந்தன. இன்று சிதைந்துபோன சில கட்டடங்கள் அன்று எப்படி இருந்தன என்று பார்க்க இந்தப் படங்களே உதவுகின்றன.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்களுக்குப் பல்லக்குத் தூக்கிகளும் சுமைக்காரர்களும் இருந்தார்கள். பெட்டியைச் சுமந்த தோள்களுக்கு உரியவர்களின் பெயர் அந்தப் படங்களில் இல்லை.

சுமை குறைந்தது வண்ணத்தால். முன்பெல்லாம் ஓவியரே நிறப்பொடியை அரைத்துப் பிசினில் குழைக்க வேண்டும். லண்டனின் ரீவ்ஸ் சகோதரர்கள் அதைச் சிறு கட்டியாக்கினார்கள். 1781-இல் அதற்குப் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்தக் கட்டியைத் தேய் தேய் என்று தேய்க்க வேண்டும். 1830-களில் கிளிசரின் சேர்த்த ஈர வண்ணம் வந்த பிறகு, நனைத்த தூரிகையால் தொட்டாலே போதும் என்றானது. 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர டியூபைக் கண்டுபிடிக்க, எண்ணெய் வண்ணமும் சட்டைப்பைக்குள் வந்தது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் இங்கிருந்து கப்பலேற்றியதே சோழமண்டலக் கரையின் துணிகளைத்தான். அவற்றில் கையால் வரைந்த துணிகளும் உண்டு. கலம்காரி வரைபவர்களின் பென்சில் என்ன தெரியுமா? சுட்ட புளியங்குச்சி! செலவும் இல்லை, சுமையும் இல்லை. தப்பாகப் போட்ட கோட்டைத் தட்டிவிட்டால் போய்விடும்.

ஆக, பசியாவரத்துக்கு ஒரு பென்சில், உள்ளங்கை அளவு வண்ணப்பெட்டி, ஒரு தூரிகை, தைத்த நோட்டு, காகிதம் பறக்காமல் இருக்க இரண்டு கிளிப் போதும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: ஒரு பாட்டில் நல்ல தண்ணீர். சுற்றிலும் தண்ணீர்தானே என்று ஏரியில் தூரிகையை நனைத்தால், அதிலுள்ள உப்பு காகிதத்தில் தங்கி ஈரத்தை இழுக்கும். வண்ணமும் திட்டுத்திட்டாகப் பூத்துவிடும்.