கல்லும் நாவும் காத்த பெயர்கள்

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே கொள்ளிடத்தைக் கடந்து சென்றால் சமயபுரத்தை அடையலாம். மாரியம்மன் கோயிலால் புகழ்பெற்ற அவ்வூரையொட்டி அமைந்தது கண்ணனூர். 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னர்கள் தமிழகத்தில் கொண்டிருந்த தலைநகரம் இதுவே. விக்கிரமபுரம் என்பது அவர்கள் இதற்கு வழங்கிய பெயர். சமண முனிவர் சுதத்தரின் சொற்கேட்டுப் புலியை எதிர்த்த சளனைத் தம் குலமுதல்வனாகப் போற்றிய மரபினர் அவர்கள். வீரசோமேசுவரன் கண்ணனூரில் எடுப்பித்த சிவாலயம் கல்வெட்டில் பொய்சளேசுவரம் எனக் குறிக்கப்படுகிறது. மக்கள் வழக்கிலோ அது போஜீசுவரம் ஆகிவிட்டது. போசளரை அறியாதவர் செவிக்கு அது போஜராசன் எழுப்பிய கோயில் என்றே படும். இங்கே நா மறந்ததைக் கல் காத்தது.

இதற்கு நேர்மாறான சான்று, திருச்சிக்குத் தெற்கே புதுக்கோட்டை வட்டாரத்து நார்த்தாமலையில் உள்ளது. அங்குள்ள மேலமலைக் குகை ஒன்று, 13ஆம் நூற்றாண்டில் பதினெண்பூமி விண்ணகரம் என்னும் திருமால் கோயிலாக விளங்கியது. ஆயினும் ஊரார் அதனைச் 'சமணர் குடகு' என்றே வழங்கி வந்தனர். வழிபாடு மாறியது, கோயிற்பெயரும் மாறியது, உழவரும் ஆயரும் வழங்கிய பெயர் மட்டும் மாறவில்லை. இங்கே கல் சொல்லாததை நா காத்தது.

திருச்சிராப்பள்ளி என்னும் பெயரிலும் இத்தகைய செய்தி உண்டு. திரிசிரன் என்னும் மூன்று தலை அரக்கன் வழிபட்ட தலம் என்று புராணம் கூறும். மலைக்கோட்டைக் குன்றிலோ துறவியர்க்கெனச் செதுக்கிய கற்படுக்கைகள் உள்ளன. சிரா என்னும் சமணத் துறவி உறைந்த பள்ளியே சிராப்பள்ளி ஆயிற்று என அறிஞர் சிலர் கருதுவர். பள்ளி என்னும் சொல் துறவியர் உறைவிடத்தையும் குறித்தது என்பதை அறியாதவர்க்கு இக்கருத்தின் பொருத்தம் விளங்காது. சித்தன்னவாசல் குன்றின் குகைக்கு ஏழடிப்பட்டம் என்று பெயர். பாறைச் சரிவில் வெட்டிய ஏழு படிகளை அப்பெயர் இன்றும் எண்ணிக் காட்டுகிறது. உள்ளே கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் உள்ளன.

கல்லும் நாவும் ஒன்றுக்கொன்று துணை என்பதே இவை புகட்டும் பாடம். இன்று வயல்களை நாம் புல எண்ணால் அறிகிறோம். ஊர்களை விட்டு நகரங்களில் குடியேறிய குடும்பங்களில், தாத்தாவோடு பாறையின் பெயரும் பாட்டியோடு மடுவின் பெயரும் மறைகின்றன. சமணர் குடகு என்னும் பெயரை ஒரு தலைமுறை சொல்லாமல் விட்டிருந்தால், அக்குகையின் பழைய உறவு ஊரார் நினைவிலிருந்து நீங்கியிருக்கும்.

ஆதலின் ஒவ்வொரு குடும்பமும் தன் ஊரின் குன்று, பாறை, ஏரி, மடு, திட்டு, வயல் ஆகியவற்றின் பெயர்களை எழுதி வைத்தல் வேண்டும். ஊரார் ஒலிக்கும் வண்ணமே எழுதுதல் நன்று. திருத்தி எழுதின் தடயம் அழியும். எத்திசையில் உள்ளது, யார் சொல்லக் கேட்டது, என்ன கதை வழங்குகிறது என்பனவற்றையும் சேர்த்துக் குறித்தல் நலம். ஜினாலயத் திருவிழாவுக்கு ஊர் கூடும் நாளே அதற்கு உகந்த நாள். பெயர்களை அறிந்த முதியோர் அன்று அங்கே இருப்பர்.